கூரைக்குக் காவல் நாமே! சித்திரை முதல் பங்குனி வரை தீத்தடுப்பு



தீத்தடுப்பு பற்றிப் பேசினால், "நமக்கென்ன காடா, மலையா? காவிரி பாயுற ஊர்ல தீக்கு என்ன வேலை?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு, ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுகிறது. அதாவது தை மாதத்தின் பாதியோடு தண்ணீர் வரத்து நின்று போகிறது. மாசி பிறந்தால் வாய்க்கால் வற்றுகிறது. பங்குனியில் குளம் தரை தட்டுகிறது. அதே நேரத்தில்தான் சம்பா, தாளடி அறுவடை முடிந்து, ஊர் முழுக்க வைக்கோல் குவிகிறது. வயலில் தாள் காய்ந்து கிடக்கிறது. கூரைக் கீற்று வெயிலில் முறுகி, தொட்டாலே நொறுங்குகிறது.

ஆகவே தீ பிடிக்க எல்லாம் தயாராக இருக்கிற மாதங்களில், தீயை அணைக்கத் தண்ணீர் நம் ஊரில் குறைவாக இருக்கிறது. டெல்டாவில் நாம் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

ஒரு கூரை வீடு பற்றி எரிய அதிக நேரம் ஆகாது. அடுப்படியில் பிடித்த தீ முகட்டுக்கு ஏறி, அடுத்த வீட்டுக்குத் தாவும் வரை சில நிமிடங்கள்தான். பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பாத்திரம், துணி, பிள்ளைகளின் சான்றிதழ், குழுக் கடனில் வாங்கிய கறவை மாடு எல்லாம் அந்தச் சில நிமிடத்தில் போய்விடும். வாங்கிய கடன் மட்டும் எரியாது. அது அப்படியே நிற்கும். அதனால்தான் சேமிப்பு எவ்வளவு முக்கியமோ, சேர்த்ததைத் தீயிலிருந்து காப்பதும் அவ்வளவு முக்கியம் என்கிறோம்.

நம் மண்ணில் நடந்தவை

நம் பகுதி தீயால் பட்ட துயரம் கொஞ்சநஞ்சமல்ல.

1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் 48 பேர் இறந்தார்கள்.

2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி, திருவரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

அதே 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். சத்துணவு சமைத்த கொட்டகையில் பிடித்த தீ, கீற்றுக் கூரை போட்ட மாடி வகுப்பறைக்குப் பரவியது. 94 குழந்தைகள் நம்மை விட்டுப் போனார்கள். அந்தத் தாய்மார்களின் அழுகையை இந்த மண் இன்னும் மறக்கவில்லை.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? காய்ந்த கீற்று. அதற்குப் பக்கத்தில் ஒரு நெருப்பு அல்லது மின்சாரம். வெளியே ஓட வழி குறுகல். கும்பகோணம் விபத்துக்குப் பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு கண்டிப்பாக உத்தரவிட்டது. பள்ளிக்கூரை மாறியது நல்லதுதான். ஆனால் பள்ளி விட்டு அந்தப் பிள்ளை திரும்பி வருகிற வீட்டின் கூரை பல ஊர்களில் இன்னும் கீற்றுதான். அதைக் கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

தீ எப்படித் தாவுகிறது?

பெரிய தீ என்றால், நெருப்புச் சுவர் ஒன்று நடந்து வந்து வீட்டை விழுங்குவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. வீட்டுக்கு வீடு தீயைக் கொண்டுபோவது பறக்கும் பொறிதான்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்து, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்பக்கூட நேரம் இருக்காது என்பதை அது காட்டியது. அதே 2018-இல் நவம்பர் 8-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்தது. 85 பேர் இறந்தார்கள். அங்கே பிறகு எடுத்த படங்களில் ஒரு விசித்திரம் தெரிந்தது. பல இடங்களில் வீடு சாம்பலாகிக் கிடக்க, பக்கத்து மரம் பச்சையாக நின்றது! காற்றில் வந்த பொறி வீட்டோரம் கிடந்த சருகிலும் குப்பையிலும் விழுந்து, அங்கிருந்து வீடு பிடித்திருக்கிறது. அதனால்தான் அந்த நாட்டில், வீட்டைச் சுற்றி முதல் 5 அடிக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காதே என்று ஊர் ஊராகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நம் தெருவுக்கும் இதே கணக்குதான். பங்குனிக் காற்றில் ஒரு கங்கு நாலு வீடு தாண்டிப் போய் விழும். விழுகிற இடத்தில் சுத்தமான மண் தரை இருந்தால் அது கரியாகி அணைந்துவிடும். சருகு, வைக்கோல், பழைய கீற்று, சாக்கு இருந்தால் அடுத்த தீ அங்கே ஆரம்பம். காற்றில் பறக்கிற பொறியை நம்மால் நிறுத்த முடியாது. அது விழுந்து பிடிக்க இடம் கொடுக்காமல் இருக்க முடியும்.

வீட்டைச் சுற்றி என்ன செய்யலாம்?

1. வீட்டைச் சுற்றி 5 அடியைப் பெருக்கி வையுங்கள். கூரை பிரித்து மேய்ந்தபோது கழித்த பழைய கீற்றைச் சுவரோரம் சாத்தி வைக்காதீர்கள். விறகு, வறட்டி, மட்டை, பன்னாடை எல்லாம் வீட்டை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் இருக்கட்டும்.

2. அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காய வைக்கும் பழக்கம் மழைக்காலத்தில் நம்மிடம் உண்டு. ஈரம் காயும் வரை ஒன்றும் ஆகாது. காய்ந்த பிறகு, நாமே அடுப்பு மேல் கொள்ளிக்கட்டை அடுக்கி வைத்த மாதிரிதான். அதைத் தவிர்ப்போம்.

3. அடுப்படியைக் கூரைச் சரிவுக்குக் கீழே தாழ்வான இடத்தில் வைக்காமல், உயரம் உள்ள இடத்தில் வையுங்கள். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் இடுப்பளவு மண்சுவர் எழுப்பி மெழுகினால் காற்றில் தீ நாக்கு வெளியே வராது. அடுப்புக்கு நேர் மேலே கூரையின் அடியில் ஒரு தகரத் தகடு கட்டுங்கள்.

4. சமைத்து முடித்ததும் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். சாம்பலில் கங்கு இருக்கும். அதை அப்படியே எருக்குழியில் கொட்டாதீர்கள். ராத்திரி காற்றடித்தால் அது கண் விழிக்கும்.

5. கேஸ் அடுப்பு உள்ளவர்கள் ரப்பர் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். தேதி முடிந்தாலோ, வெடிப்பு விட்டாலோ மாற்றிவிடுங்கள். படுக்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாசம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

6. மின்சாரம்: ஒரு விளக்குக்கென்று கொடுத்த குடிசை இணைப்பில் இன்று டிவி, ஃபேன், மிக்ஸி, செல்போன் சார்ஜர் எல்லாம் ஓடுகிறது. ஒயர் அதே பழைய ஒயர். சூடேறி உருகி, கீற்றில் பட்டுத்தான் பல வீடு எரிகிறது. மூங்கிலில் ஆணி அடித்து ஒயரைத் தொங்கவிடாதீர்கள். குழாய்க்குள் விட்டு எடுங்கள். ஒட்டுப் போட்ட இடங்களை மாற்றுங்கள். செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி ஸ்கூட்டரைக் கூரைக்குள்ளே ராத்திரி முழுக்க சார்ஜில் விடாதீர்கள்.

7. கொசுவர்த்திச் சுருளைத் தட்டில் மண் போட்டு அதன் மேல் வையுங்கள். பாய், சேலை, கொசுவலை படாத இடமாக இருக்கட்டும். சாமி விளக்கு எரியும்போது வீட்டைப் பூட்டிப் போகாதீர்கள்.

8. நடவு, களை என்று நாம் வேலைக்குப் போகும்போது, சின்னப் பிள்ளையையோ நடமாட முடியாத பெரியவரையோ உள்ளே வைத்து வெளியே பூட்டு போடவே கூடாது. தீ வந்தால் அவர்கள் வெளியே வர வழியில்லை. குழுவில் யாராவது ஒருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.

வைக்கோல், மாடு, வயல்

வைக்கோல் போரை வீட்டுக் கொல்லையில் கூரையை ஒட்டிப் போடுவது நமக்கு வசதி. தீக்கும் அதுதான் வசதி. வீட்டை விட்டு இருபது தப்படியாவது தள்ளிப் போடுங்கள். மின் கம்பிக்குக் கீழே போடவே கூடாது. இடம் இருந்தால் ஒரே பெரிய போராகப் போடாமல் இரண்டு சின்னப் போராகப் போடலாம். ஒன்று போனாலும் இன்னொன்று மாட்டுக்கு மிஞ்சும்.

குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். அந்த ஈர வைக்கோலை அப்படியே போராகப் போட்டால் உள்ளே புழுங்கிச் சூடேறும். சூடு அதிகமானால் யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் கனன்று எரியும். உதறிக் காயவைத்த பிறகுதான் போர் போட வேண்டும். போரிலிருந்து ஆவியோ கருகல் வாசனையோ வந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். காற்றுப் பட்டதும் உள்ளே இருப்பது பற்றிக்கொள்ளும். தண்ணீர் தயாராக வைத்துக்கொண்டு, தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது இயந்திரத்தில் கட்டின வைக்கோல் கட்டுகள் டிராக்டரிலும் லாரியிலும் வெளியூர் போகின்றன. மேலே உயரமாக அடுக்கிக்கொண்டு போகும்போது, தெருவில் தாழ்ந்து தொங்கும் மின் கம்பியில் உரசித் தீப்பிடிப்பது நம் பகுதியில் அடிக்கடி நடக்கிற விபத்து. எரிகிற வண்டி நம் தெரு வழியாகத்தான் ஓடும்! உங்கள் தெருவில் கம்பி தாழ்ந்திருந்தால் மின் வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குப் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கம்பி சரியாகும் வரை விடாமல் கேளுங்கள்.

மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுவது பழைய வழக்கம். மூட்டத்தைக் கொட்டகைக்குள் போடாமல், காற்று வரும் பக்கம் வெளியே ஒரு பழைய இரும்புச் சட்டியில் போடுங்கள். மாட்டை, இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். கொட்டகைத் தூணில் ஓர் அரிவாளைச் செருகி வையுங்கள். தீயில் மாடு மிரளும்போது முடிச்சை அவிழ்க்க முடியாது, கயிற்றை அறுக்கத்தான் முடியும்.

வயலில் தாளைக் கொளுத்துவது பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஒரு தீக்குச்சியில வேலை முடிஞ்சுரும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் தாளோடு மண்ணின் சத்தும், மண்ணுக்குள் இருக்கிற நுண்ணுயிரும் சேர்ந்து எரிகிறது. காற்று திரும்பினால் பக்கத்து வயல் உளுந்து, பயறு, கரும்பு, தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் குடித்தெரு. தாளை மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் அதுவே உரம். கரும்புத் தோகையையும் கொளுத்தாமல் வரப்போரம் மூடாக்காகப் போடலாம். இதை நம் வீட்டு ஆண்களிடம் எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு.

பன்னிரண்டு மாதக் கணக்கு

தீத்தடுப்பு என்றால் கோடையில் மட்டும் பேசும் விஷயம் இல்லை. கும்பகோணம் விபத்து நடந்தது ஜூலையில். திருவரங்கம் விபத்து நடந்தது ஜனவரியில். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு.

சித்திரை, வைகாசி: அக்னி நட்சத்திர வெயில். கூரை மாற்றும் காலம். கழித்த கீற்றை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பள்ளி விடுமுறை. பிள்ளைகள் கைக்குத் தீப்பெட்டி எட்டக் கூடாது. கோயில் திருவிழாப் பந்தலுக்கு இரண்டு வழியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனி, ஆடி: தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். ஆடிக்காற்று பலம். காற்று நாளில் வெளியே அடுப்பு மூட்டாதீர்கள். மாரியம்மன் கோயில் தீமிதி முடிந்ததும் குழியில் உள்ள கங்கைத் தண்ணீர் ஊற்றி அணைத்து மண்ணால் மூட வேண்டும்.

ஆவணி, புரட்டாசி: குறுவை வைக்கோலைக் காயவைத்துப் போர் போடும் நேரம். மழைக்கு முன்பே ஒயர், சுவிட்சு எல்லாம் சரிபாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: தீபாவளி ராக்கெட், வாணம். கூரைத் தெருவில் ராக்கெட் வேண்டாம் என்று தெருவே சேர்ந்து முடிவு எடுக்கலாம். பட்டாசைக் கூரைக்குள் வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். அன்று மட்டுமாவது கூரையைச் சாயந்திரம் நனைத்து வையுங்கள். கார்த்திகை தீபத்துக்கு அகலைக் கீற்றுத் தட்டியோரம் வைக்காமல் வாசல் தரையில் வையுங்கள். சொக்கப்பனை கொளுத்தும் இடம் கூரை வீடுகளை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

மார்கழி, தை: போகியன்று டயர், பிளாஸ்டிக் கொளுத்த வேண்டாம். பழைய பாயையும் துணியையும் வீட்டு வாசலில் கொளுத்தவும் வேண்டாம். குளிர் காய மூட்டிய நெருப்பை அணைத்துவிட்டுப் படுங்கள். தை அறுவடையோடு தெரு சுற்றிப் பார்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

மாசி, பங்குனி: இதுதான் உஷாரான காலம். வாய்க்கால் வற்றும், காற்று மாறும், வைக்கோல் நிறைந்திருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எப்போதும் நிறைந்த ஒரு அண்டா அல்லது டிரம் தண்ணீர் இருக்க வேண்டும்.

குழுவாக என்ன செய்யலாம்?

தனி ஆளாக நம் வீட்டைச் சுத்தமாக வைத்தாலும், பக்கத்து வீட்டுப் போர் எரிந்தால் நமக்கும் ஆபத்துதான். தீக்கு வேலி, வரப்பு, சாதி, கட்சி எதுவும் தெரியாது. அதனால் இது குழு வேலை.

முதலாவது, தை மாதத்தில் ஒரு நாள் குழுவினர் எல்லோரும் சேர்ந்து தெருவைச் சுற்றி வாருங்கள். எந்த வீட்டில் ஒயர் மோசம், எங்கே போர் நெருக்கம், எங்கே கம்பி தாழ்வு, எந்த வீட்டில் தனியாக முதியவர், மாற்றுத்திறனாளி, நிறைமாத கர்ப்பிணி இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குறை சொல்வதற்காக எழுத வேண்டாம். முதலில் யாரைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும் என்று தெரிவதற்காகத்தான் இந்த நோட்டு.

இரண்டாவது, தெருவுக்கு ஒரு தீத்தடுப்புச் சாமான் தொகுப்பு. நாலைந்து வாளி, இரண்டு வாளி மணல், பத்து சாக்கு, எரிகிற கீற்றை இழுத்துத் தள்ள நீளமான துறட்டி, கயிறு, அரிவாள், ஒரு ஏணி, ஒரு விசில். எல்லாம் நம் வீடுகளில் இருக்கிற பொருள்தான். ஆனால் ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கோடைத் தண்ணீர். எந்தக் குளத்தில், எந்தக் கிணற்றில் பங்குனியிலும் தண்ணீர் நிற்கும்? யார் வீட்டு போர்செட்டை உடனே போட முடியும்? அந்த வீட்டுக்காரர் போன் எண், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் போன் எண் இரண்டும் நோட்டில் இருக்கட்டும்.

நான்காவது, தீயணைப்பு வண்டி வரும் வழி. வண்டி கொண்டு வரும் தண்ணீர் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அது மறுபடி தண்ணீர் எடுக்கக் குளத்தங்கரை வரை போக வழி வேண்டும். தெருமுனையில் கல், மணல், டிராக்டர் நிறுத்தி அடைத்திருக்கிறதா? வாய்க்கால் மதகு வண்டியின் பாரம் தாங்குமா? முன்பே பார்த்து வையுங்கள்.

ஐந்தாவது, கிராம சபை. ஜனவரி 26-ம் மார்ச் 22-ம் கிராம சபை நாட்கள். இரண்டுமே தீக்காலத்தை ஒட்டி வருகின்றன. தாழ்ந்த கம்பி, குளம் தூர் வாருதல், வண்டிப் பாதை, கூரை வீட்டுக்காரர்களுக்கு வீட்டு வசதி ஆகிய நான்கையும் எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடிசை இல்லாத நிலையை உண்டாக்க 2024-ஆம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. நம் தெருவில் தகுதி உள்ளவர் பெயர் வீட்டு வசதிப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய தீத்தடுப்பு, நல்ல கூரைதான்.

ஆறாவது, ஒத்திகை. ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை வருடப் பிறப்பு. அதே நாள்தான் தீயணைப்போர் நினைவு நாளும். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் உயிர் கொடுத்த நாள் அது. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அந்த வாரம் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு மனு கொடுத்து, உங்கள் தெருவில் செய்முறை விளக்கம் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தீ பிடித்துவிட்டால்

பதறாதீர்கள். வரிசை இதுதான்:

• சத்தம் போடுங்கள், விசில் அடியுங்கள். முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். சாமான் அப்புறம்.
• உடனே 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். ஊர் பெயர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி, எந்த ரோட்டில் திரும்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீயை அணைக்க வருவதற்குக் கட்டணம் கிடையாது. ஒருவர் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும்.
• மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அணைக்க முடியாவிட்டால் மின் வாரியத்துக்குச் சொல்லுங்கள். அறுந்த கம்பி பக்கம் போகாதீர்கள்.
• எரிகிற வீடு காப்பாற்ற முடியாத நிலை என்றால், தண்ணீரை அடுத்த வீட்டுக் கூரை மேல் ஊற்றுங்கள். ஈரச் சாக்கை மேலே போடுங்கள். தேவைப்பட்டால் காற்றுப் போகும் பக்கத்துக் கீற்றைத் துறட்டியால் இழுத்துத் தள்ளி இடைவெளி உண்டாக்குங்கள்.
• எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டை வைத்து மூடுங்கள்.
• புகையில் குனிந்தபடி, தவழ்ந்து வெளியே வாருங்கள். வெளியே வந்தவர் நகைக்கோ, பணத்துக்கோ திரும்ப உள்ளே போகக் கூடாது.
• சேலையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் தீ வளரும். நில், படு, உருள். மற்றவர்கள் கெட்டியான போர்வையால் மூடி அணையுங்கள். சமைக்கும்போது நைலான் சேலையும் நைட்டியும் வேண்டாம். பருத்தி நல்லது.

தீப்புண் பட்ட இடத்தில் 20 நிமிஷம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மை, பேஸ்ட், மாவு, முட்டை, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். வளையல், மோதிரத்தை வீங்கும் முன் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐக் கூப்பிடுங்கள்.

தீக்குப் பிறகு

அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் மூலம் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியருக்குத் தகவல் போனால்தான் அரசு நிவாரணம் கிடைக்கும். காவல் நிலையத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்துச் சான்று கேட்டு வாங்குங்கள். எரிந்த இடத்தைச் சுத்தம் செய்யும் முன் செல்போனில் படம் எடுங்கள்.

கேஸ் சிலிண்டரால் விபத்து என்றால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீடு உண்டு. அதற்கு நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீடு செய்த மாடு இறந்தால் காதுத் தோட்டைத் தொலைக்காமல் வைத்து, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். கருகிய ரூபாய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மோசமாகக் கருகியதை வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுத்துக் கேட்க வழி இருக்கிறது. அதைவிட நல்லது, பணத்தை அரிசிப் பானையிலும் கூரைச் செருகலிலும் வைக்காமல் வங்கிக் கணக்கில் போடுவது.

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசல் பக்கமாக மாட்டுங்கள். ஒரு நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும். குழுவின் தீர்மானப் புத்தகம், சேமிப்பு, கடன் பேரேடுகள் எங்கே இருக்கின்றன? ஊக்குநரின் கூரை வீட்டு டிரங்குப் பெட்டியில் என்றால், இந்த மாதமே ஓட்டு வீட்டுக்கோ மாடி வீட்டுக்கோ மாற்றுங்கள். மாதக் கடைசியில் பேரேட்டுப் பக்கங்களைப் பிரதிநிதியின் போனில் படம் எடுத்து வையுங்கள். பதினைந்து இருபது பெண்களின் பல வருஷ உழைப்பு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

வரும் கூட்டத்தில் பேச

சேமிப்பு, கடன் வசூல் முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கி இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள்:

1. நம் தெருவில் பங்குனியில் தண்ணீர் எங்கே இருக்கும்?
2. தீயணைப்பு வண்டி நம் வீட்டு வாசல் வரை வருமா?
3. எந்த வீட்டிலிருந்து முதலில் ஆளைத் தூக்க வேண்டும்?
4. 101 என்ற எண் நம் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் தெரியுமா?
5. குழுப் புத்தகம் பத்திரமான இடத்தில் இருக்கிறதா?

பதில்களைத் தீர்மானமாக எழுதி, யார் எந்த வேலையைப் பார்ப்பது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று பெயரோடு குறித்து, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதை வாசித்து, எது முடிந்தது, எது பாக்கி என்று பாருங்கள். வட்டிக் கணக்கைக் காசு பிசகாமல் பார்க்கத் தெரிந்த நமக்கு, இது பெரிய காரியமே இல்லை.